சூரியன் பில் அனுப்புவதில்லை: விளக்கு வெளிச்ச விவசாயத்தின் வரவு செலவு

"ஏசி அறையில் விவசாயம்." "மண் வேண்டாம், மழை வேண்டாம், 1,000 சதுர அடியில் மாதம் லட்ச ரூபாய்." இப்படி ஒரு விளம்பரம் இதுவரை உங்கள் கைப்பேசிக்கு வரவில்லை என்றால் ஆச்சரியம்தான். ஊதா நிற வெளிச்சம், அடுக்கடுக்காகத் தட்டுகள், அதில் பச்சைப்பசேல் என்று லெட்யூஸ் கீரை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. சேற்றில் இறங்க வேண்டாம், மேட்டூர் எப்போது திறக்கும் என்று காத்திருக்க வேண்டாம், கொள்முதல் நிலைய வாசலில் மூட்டையோடு படுத்துக் கிடக்க வேண்டாம். வெளியூர் வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பலாமா என்று யோசிக்கிற நம் பிள்ளைகளுக்கு ஆசை வராமல் என்ன செய்யும்?

ஆசையைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. இந்தத் தொழிலில் விதை, தண்ணீர், ஆள், விற்பனை என்று பல செலவு உண்டு. அதில் ஒன்றை மட்டும், வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பேரேட்டில் எழுதுவதுபோல வரவு செலவு போட்டுப் பார்ப்போம். வயலில் நாம் ஒருநாளும் காசு கொடுக்காத இடுபொருள் அது. அதனால்தான் அதன் விலை நமக்குத் தெரியாமலே இருக்கிறது.

மரக்கால் போல ஓர் அளவு

நெல்லை மரக்காலில் அளந்தோம், பாலைப் படியில் அளந்தோம். செடி சாப்பிடுகிற வெளிச்சத்தை 'மோல்' என்ற அளவில் அளக்கிறார்கள். வெளிச்சம் என்பது எண்ண முடியாத அளவு சின்னஞ்சிறு ஒளித்துகள்கள். அவற்றைக் கூட்டி அளக்கிற மரக்கால்தான் மோல் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது போதும்.

தஞ்சை வட்டாரத்தில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில், ஆண்டுச் சராசரியாக, நாள் ஒன்றுக்குச் சுமார் 5 யூனிட் அளவுக்குச் சூரிய சக்தி விழுகிறது. சதுர மீட்டர் என்றால் ஏறத்தாழ பத்தே முக்கால் சதுர அடி. அந்த 5 யூனிட்டில் செடிக்குப் பயன்படும் பங்கை மோலில் சொன்னால் நாளைக்குச் சுமார் 36 மோல். கோடையில் கூடும், கார்த்திகை அடைமழையில் குறையும். இதற்கு யாரும் பில் போடுவதில்லை.

விளக்குக்கு வருவோம். ஒரு யூனிட் கரண்ட் எரித்தால் எந்த விளக்கு எத்தனை மோல் தரும் என்பதுதான் கேள்வி. எளிதாக இருப்பதற்காக ஒரு யூனிட் 8 ரூபாய் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் இணைப்பின் வகையைப் பொறுத்துக் கூடலாம், குறையலாம். உங்கள் பில்லில் இருக்கும் விலையை வைத்து மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய குண்டு பல்பு: யூனிட்டுக்குச் சுமார் 1 மோல். ஒரு மோல் 8 ரூபாய்.

சோக் வைத்த பழைய டியூப் லைட்: சுமார் 3 மோல். ஒரு மோல் 2 ரூபாய் 70 பைசா.

சோடியம் விளக்கு (ஊரில் தெருவிளக்காகப் பார்த்த மஞ்சள் விளக்கின் இனம்): வகையைப் பொறுத்து 4 முதல் 6 மோல். ஒரு மோல் 1 ரூபாய் 30 பைசாவிலிருந்து 2 ரூபாய் வரை.

வீட்டுக்கு வாங்கும் எல்.இ.டி. டியூப்: சுமார் 5 மோல். ஒரு மோல் 1 ரூபாய் 60 பைசா.

செடி வளர்ப்பதற்கென்றே செய்த நல்ல எல்.இ.டி.: சுமார் 9 மோல். ஒரு மோல் 90 பைசா.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று. கடைக்காரர் "இது 100 வாட், இத்தனை லூமன்" என்பார். லூமன், லக்ஸ் எல்லாம் மனிதக் கண்ணுக்கான அளவு. செடிக்கு அதை வைத்துக் கணக்குப் போட முடியாது. "ஜூலுக்கு எத்தனை மைக்ரோமோல்?" என்று கேளுங்கள். 2.5 என்று எழுதிக் கொடுத்தால் அதுதான் மேலே சொன்ன 9 மோல் விளக்கு. பதில் சொல்லத் தெரியாதவரிடம் விளக்கு வாங்காதீர்கள். ஊதா நிறத்தில் எரிகிறது என்பதும் தரத்துக்கு அடையாளம் அல்ல. சிவப்பையும் நீலத்தையும் கலந்தால் ஊதாவாகத் தெரியும், அவ்வளவுதான். நல்ல வெள்ளை எல்.இ.டி.யிலும் செடி நன்றாகவே வளரும்.

ஒரு கிலோ லெட்யூஸ் எவ்வளவு வெளிச்சம் தின்னும்?

உள்ளறை விவசாயத்தில் அதிகம் பேசப்படுவது லெட்யூஸ்தான். குறைந்த வெளிச்சத்தில் வளரும், சீக்கிரம் அறுக்கலாம், முழுச் செடியும் விற்பனைக்கு ஆகும். நாளைக்கு 15 மோல் போதும். நம் வயல் வெளிச்சத்தில் பாதிகூட இல்லை. நாற்று விட்ட பிறகு 28 நாள் வளர்க்கிறோம் என்று வைத்தால் சதுர மீட்டருக்கு 420 மோல். ஒரு சதுர மீட்டரில் 25 செடி, ஒவ்வொன்றும் 150 கிராம் என்றால் மகசூல் 3.75 கிலோ. ஆக, கிலோவுக்கு 112 மோல்.

இப்போது பெருக்கிப் பாருங்கள். செடி எல்.இ.டி.யில் வெளிச்சத்துக்கு மட்டும் கிலோவுக்கு 100 ரூபாய். வீட்டு எல்.இ.டி.யில் 180 ரூபாய். சோக் டியூப்பில் 300 ரூபாய். குண்டு பல்பில் 900 ரூபாய்.

இதோடு முடியவில்லை. விளக்கில் எரியும் கரண்ட் எல்லாம் கடைசியில் அந்த அறைக்குள் சூடாகத்தான் முடிகிறது. நம் ஊர் சித்திரை வெயிலில் மூடிய அறைக்குள் 16 மணி நேரம் விளக்கு எரிந்தால் லெட்யூஸ் வெந்துவிடும். விளக்குக்கு 3 யூனிட் எரித்தால், அந்தச் சூட்டை வெளியேற்ற ஏசிக்கு ஏறத்தாழ 1 யூனிட் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். செடி எல்.இ.டி. 133 ரூபாய் ஆகிறது. வீட்டு எல்.இ.டி. 240 ரூபாய். சுவர் வழியாக வருகிற வெயில் சூடு இதில் சேரவில்லை.

"செடி எல்.இ.டி. விலை ஜாஸ்தி சார், வீட்டு டியூப்பே போதும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. அதையும் பார்த்துவிடுவோம். செடி விளக்கு வாட்டுக்கு 60 ரூபாய், வீட்டு டியூப் வாட்டுக்கு 12 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு முன்னது 104 வாட் வேண்டும், 6,240 ரூபாய். பின்னது 187 வாட் வேண்டும், 2,244 ரூபாய். வாங்குகிற அன்றைக்கு 4,000 ரூபாய் மிச்சம். வட்டி 11 சதவீதம், முதலாவதற்கு 5 ஆண்டு ஆயுள், இரண்டாவதற்கு 3 ஆண்டு ஆயுள், ஆண்டுக்கு 12 அறுவடை என்று தேய்மானம் போட்டால் கிலோவுக்கு 43 ரூபாயும் 22 ரூபாயும் வருகிறது. கரண்டோடு கூட்டினால் செடி எல்.இ.டி. 176 ரூபாய், வீட்டு டியூப் 262 ரூபாய். வாங்கும்போது மலிவாக இருந்த விளக்கு எரிக்கும்போது கிலோவுக்கு 86 ரூபாய் அதிகம் கேட்கிறது. விளக்கு வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் விலைச்சீட்டைப் பார்த்து வாங்காதீர்கள், மோல் கணக்கைப் பார்த்து வாங்குங்கள்.

அதே கணக்கில் நெல்லைப் போட்டால்?

சும்மா ஒரு கணக்குக்காகத்தான். யாரும் இப்படிச் செய்யப் போவதில்லை. ஆனால் நம் வயலில் தினமும் என்ன கொட்டுகிறது என்பது இதில் தெரியும்.

குறுவையில் நடவிலிருந்து அறுப்பு வரை 90 நாள் என்று கொள்வோம். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். சூரியன் கொடுக்கும் 36 மோலை நல்ல எல்.இ.டி. வைத்துக் கொடுக்க, சதுர மீட்டருக்கு நாளைக்கு 4 யூனிட் வேண்டும். ஏக்கருக்கு ஒரு நாளைக்கு 16,000 யூனிட்டுக்கு மேல். ரூபாயில் 1 லட்சத்து 29 ஆயிரம். ஒரே ஒரு நாளைக்கு! 90 நாளைக்கு 1 கோடியே 16 லட்சம். 60 கிலோ மூட்டையில் 40 மூட்டை கண்டால் 2,400 கிலோ. கிலோ நெல்லுக்கு வெளிச்சச் செலவு மட்டும் 4,850 ரூபாய்.

2025-26 பருவத்தில் தமிழ்நாட்டில் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகத்துக்கு ஊக்கத்தொகை சேர்த்துக் கொடுத்த விலை குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், சாதா ரகத்துக்கு 2,500 ரூபாய். அதாவது கிலோ 25 ரூபாய். வருஷத்துக்கு வருஷம் விலை கட்டவில்லை என்று நாம் போராடுகிற அந்த நெல்லுக்குள் இத்தனை ரூபாய் வெளிச்சம் ஓசியில் சேர்ந்திருக்கிறது.

"அப்ப மேலே சோலார் போட்டுக்கலாமே?" என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். ஒரு சதுர மீட்டர் சோலார் தகடு நம் ஊரில் நாளைக்கு ஏறத்தாழ 0.8 யூனிட் தரும். நமக்கு வேண்டியது 4 யூனிட். ஒரு ஏக்கர் பயிருக்கு வெயில் அளவு வெளிச்சம் தர, அஞ்சு ஏக்கரில் தகடு போட வேண்டும். வெயிலைத் தகட்டில் பிடித்து, கரண்டாக மாற்றி, மறுபடி வெளிச்சமாக மாற்றினால் கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் சிந்துகிறது. அந்த அஞ்சு ஏக்கரிலும் நேரே நாற்று நட்டுவிடலாமே?

"பம்புசெட்டுக்கு கரண்ட் இலவசமாச்சே, அதிலேயே இழுத்துக்கலாம்" என்பது இன்னொரு யோசனை. 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் கிடைத்துவரும் அந்த இணைப்பு பாசன மோட்டாருக்காகக் கொடுத்தது. அதில் விளக்கும் ஏசியும் ஓட்டினால் விதிமீறல். அபராதம் வரும், இணைப்பும் போகும். ஒரு ஆளின் அறைக்காக எல்லோருடைய உரிமைக்கும் கெட்ட பெயர் வாங்கித் தரக்கூடாது.

திட்ட அறிக்கையில் ஒரு வரி

வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன் என்பதால் திட்ட அறிக்கையைத் தூக்கிக்கொண்டு சிலர் என்னிடம் வருவதுண்டு. போன ஆண்டு பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். பொறியியல் படித்தவர். அம்மா பேரில் இருக்கும் 3 மா நஞ்சையை அடமானம் வைத்து 40 லட்சம் கடன் எடுப்பதாகத் திட்டம். 1,000 சதுர அடி அறை, நான்கு அடுக்கு, பாதி இடம் நடைபாதைக்குப் போக 2,000 சதுர அடி விளைநிலம். பளபளப்பான தாளில் ஓர் ஆலோசனை நிறுவனம் தயாரித்துக் கொடுத்த அறிக்கை. வரவு பத்து பக்கத்துக்கு விரிவாக இருந்தது. மின்சாரம் ஒரே வரி: மாதம் 15,000 ரூபாய்.

"தம்பி, இந்த 15,000 எப்படி வந்தது?"

"அவங்க ரெடிமேடா போட்டுக் கொடுத்தாங்க சார்."

இரண்டு பேரும் உட்கார்ந்து போட்டோம். 2,000 சதுர அடி என்பது 186 சதுர மீட்டர். நாளைக்கு 15 மோல் என்றால் நல்ல எல்.இ.டி.யிலேயே 310 யூனிட். மாதம் 9,300 யூனிட், 74,400 ரூபாய். ஏசியின் பங்கு 24,800. ஆக மாதம் 99,200 ரூபாய். 40 லட்சத்துக்கு 11 சதவீத வட்டியில் 7 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 68,500 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 1,67,700. எல்லாச் செடியும் பிழைத்து, மாதம் 700 கிலோ விளைந்து, கடைசி இலை வரை விற்றுத் தீர்ந்தாலும், விதைக்கும் உரக் கரைசலுக்கும் ஆளுக்கும் பெட்டிக்கும் வண்டிக்கும் முன்பாகவே கிலோ 240 ரூபாய் அடக்கம். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் மாதம் 700 கிலோ லெட்யூஸ் தின்கிறவர்கள் எங்கே இருக்கிறார்கள்? சென்னைக்கோ பெங்களூருக்கோ குளிர்பெட்டியில் அனுப்ப வேண்டும்.

கரண்ட் போனால்? 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குப் பிறகு நம் கிராமங்களில் எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம் என்பது மறந்திருக்காது. டீசல் ஜெனரேட்டர் லிட்டருக்கு ஏறத்தாழ 3 யூனிட் தரும். யூனிட் 30 ரூபாய் ஆகிவிடும். அந்த விலையில் கிலோ லெட்யூஸுக்கு என்ன ஆகும் என்பதை நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பி அறிக்கையை மடித்து வைத்துவிட்டுக் கேட்டது நியாயமான கேள்வி: "அப்ப விளக்கு வச்சுப் பண்ற எதுவுமே கட்டாதா சார்?"

பெரிய முதலாளிகளுக்கே இந்தக் கணக்கு இடறியிருக்கிறது. அமெரிக்காவில் அடுக்கு விவசாயத்தின் முன்னோடி என்று பேசப்பட்ட ஏரோஃபார்ம்ஸ் 2023 ஜூனில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. பவரி ஃபார்மிங் 2024 நவம்பரில் கதவை மூடியது. பிளென்டி 2025 மார்ச்சில் திவால் மனு போட்டது. ஜெர்மனியின் இன்ஃபார்ம், ஐரோப்பாவில் கரண்ட் விலை ஏறிய 2022-ல், பாதிக்கு மேற்பட்ட ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. கோடி கோடியாக முதலீடு வந்த நிறுவனங்கள் இவை. ஆனாலும் தம்பியின் கேள்விக்குப் பதில் "எதுவுமே கட்டாது" என்பதல்ல.

வெளிச்சம் சோறாகவும் வரும், சைகையாகவும் வரும்

செடிக்கு வெளிச்சம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, உணவு. இலை வெளிச்சத்தைத் தின்று உடம்பை வளர்க்கிறது. இதற்கு ஏராளமாக வேண்டும். இன்னொன்று, சைகை. பகல் நீளமா, இரவு நீளமா, எப்போது பூக்கலாம் என்று செடி வெளிச்சத்தைப் பார்த்து நேரம் தெரிந்துகொள்கிறது. இதற்குத் துளி வெளிச்சம் போதும். 1920-ல் கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் புகையிலையிலும் சோயாவிலும் ஆராய்ந்து இதை எழுதினார்கள். நம் முன்னோர்கள் 'பட்டம்' என்ற ஒரே சொல்லில் இதைக் கையாண்டார்கள். பழைய சம்பா, தாளடி ரகங்கள் பலவும் பட்டத்துக்குக் கட்டுப்பட்டவை. முன்னே விதைத்தாலும் பின்னே விதைத்தாலும் பகல் குறையும் காலத்தில்தான் கதிர் வரும். நெடுஞ்சாலை விளக்குக்கு அடியில் இருக்கும் அப்படிப்பட்ட சம்பா வயலில், வெளிச்சம் படும் இடம் மட்டும் கதிர் தாமதமாகிப் பச்சையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இரவு முடியவே இல்லையே, எப்படிப் பூப்பது என்று அந்தப் பயிர் குழம்பி நிற்கிறது.

இதையே லாபமாக மாற்றியவர்கள் ஓசூர், கிருஷ்ணகிரி, பெங்களூரு வட்டாரச் சாமந்தி விவசாயிகள். சாமந்தி இரவு நீண்டால் பூக்கும். செடி வளர்வதற்கு முன்பே பூத்துவிட்டால் காம்பும் குட்டை, பூவும் குறைவு. அதனால் நட்ட புதிதில் நடு இரவில் சில மணி நேரம் விளக்குப் போட்டு இரவை இரண்டாக உடைக்கிறார்கள். செடி வளர்ந்ததும் விளக்கை நிறுத்தினால் ஒரே சீராகப் பூக்கும், சந்தை பார்த்துத் தேதியும் குறிக்கலாம்.

செலவைப் பாருங்கள். பத்தடிக்கு ஒன்று என்று ஏக்கருக்கு 430 பல்பு, இரவில் 4 மணி நேரம், 30 இரவு. பழைய 60 வாட் குண்டு பல்பில் 3,096 யூனிட், 24,800 ரூபாய். 9 வாட் எல்.இ.டி.யில் 464 யூனிட், 3,700 ரூபாய். 2015-ல் மத்திய அரசின் உஜாலா திட்டம் வந்தபிறகு எல்.இ.டி. பல்பு விலை இறங்கியது. இந்தக் கணக்கு மாறியதற்கு அதுவும் காரணம். வியட்நாமில் பின் துவான் பகுதி டிராகன் பழத் தோட்டங்களிலும் இதே வழிதான். அங்கே பகல் குறைந்த மாதங்களில் இரவு விளக்குப் போட்டுப் பருவம் தப்பிக் காய்க்க வைக்கிறார்கள். நம் மாவட்டங்களிலும் டிராகன் பழம் நடுகிறவர்கள் கூடி வருகிறார்கள். அவர்கள் பத்து கம்பத்தில் மட்டும் முதலில் சோதித்துப் பார்க்கலாம். எந்த இணைப்பில் விளக்குப் போடலாம் என்பதை மின்வாரிய அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

சோறாகப் போட்டாலும் கட்டுகிற இடம் ஒன்று உண்டு. கொஞ்ச இடத்தில், கொஞ்ச நாளில், விலை உயர்ந்த பொருள் கிடைக்க வேண்டும். திசு வாழை அப்படிப்பட்டது. திருச்சியில் 1993-ல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தின் பக்கத்திலேயே நாம் இருக்கிறோம். திசுக்கூடம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்கள் பலர் உண்டு. நாலுக்கு இரண்டு அடித் தட்டில் 40 பாட்டில், பாட்டிலுக்கு 10 கன்று என்று வைத்தால் 400 கன்று. சோக் டியூப் இரண்டு, தினம் 16 மணி நேரம் எரிந்தால் ஏசியோடு மாதம் 460 ரூபாய். எல்.இ.டி. டியூப் இரண்டு என்றால் 184 ரூபாய். ஒரு கன்றுக்கு மாதம் 1 ரூபாய் 15 பைசா இருந்த இடத்தில் 46 பைசா. நர்சரியில் கன்று விற்கும் விலை உங்களுக்குத் தெரியும். இங்கே விளக்கு கட்டுகிறது, விளக்கை மாற்றுவதும் கட்டுகிறது.

நெல்லையே விளக்கில் வளர்ப்பவர்களும் உண்டு. வாரணாசியில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் தெற்காசிய மையத்தில் விளக்கு வெளிச்சத்தையும் சூட்டையும் கட்டுப்படுத்தி ஆண்டுக்கு 4, 5 தலைமுறை நெல் எடுக்கும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். அங்கே விளைபொருள் அரிசி கிடையாது. புது ரகத்துக்கான காலம் மிச்சமாகிறது, அதற்குத்தான் அந்தச் செலவு.

முளைப்பாரிக் கணக்கு

மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடும்போது இருட்டறையில்தானே வைக்கிறோம்? வெளிச்சமே இல்லாமல் ஒரு வாரத்தில் முளை ஓங்கி வருகிறது. விதைக்குள் இருக்கும் சோற்றைத் தின்று வளர்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பல விளம்பரங்கள் புரிந்துவிடும்.

மைக்ரோகிரீன்ஸ் என்பது பாதி முளைப்பாரி. கடைசி சில நாள் மட்டும் வெளிச்சம் காட்டினால் போதும். நாலு தட்டுக்கு இரண்டு 20 வாட் எல்.இ.டி. டியூப், தினம் 14 மணி, 6 நாள் என்றால் 27 ரூபாய். தட்டுக்கு 7 ரூபாய்தான். ஜன்னலோரம் வைத்தால் அதுவும் மிச்சம். இங்கே விளக்கு பெரிய செலவே அல்ல. யார் வாங்குவார்கள் என்பதுதான் கேள்வி.

மாட்டுக்கு மக்காச்சோள முளைத் தீவனமும் இதே கதை. விளக்கு வேண்டியதில்லை, நிழலில் வரும் வெளிச்சம் போதும். ஒரு கிலோ சோளம் அஞ்சாறு கிலோ பச்சையாகும் என்பது உண்மை. கூடியது தண்ணீர் என்பதும் உண்மை.

அறைக்குள் குங்குமப்பூ என்ற விளம்பரத்தையும் இப்படியே பாருங்கள். கிழங்குக்குள் சேர்ந்த சோற்றில் முதல் பூ மண்ணும் வெளிச்சமும் இல்லாமலே வந்துவிடும். படம் பிடிக்க அழகாக இருக்கும். ஒரு கிராமுக்குச் சுமார் 150 பூ வேண்டும் என்பது ஒருபக்கம். அடுத்த ஆண்டு அதே கிழங்கு பூக்க வேண்டும் என்றால், பூத்து முடிந்தபின் மாதக்கணக்கில் இலை விட்டு, வெளிச்சம் தின்று, புதுக் கிழங்கு கட்ட வேண்டும். அந்த மாதங்களின் கரண்ட் பில் விளம்பரத்தில் இருக்காது.

நம் ஊர்க்காரர்கள் செய்தது

விளக்கு விவசாயம் பிறந்தது குளிர்காலத்தில் எட்டு மணி நேரம்கூடச் சரியாகப் பகல் இல்லாத ஹாலந்து போன்ற நாடுகளில். அங்கே கண்ணாடிக் கூடத்தில் சோடியம் விளக்கு வைத்தால் வெளிச்சமும் கிடைக்கும், குளிருக்குச் சூடும் கிடைக்கும். நமக்கு இரண்டும் ஏற்கெனவே அதிகம். காவிரிக் கரையில் வெளிச்சத்தைக் குறைக்கத்தான் தொழில்நுட்பம் கண்டார்கள். கும்பகோணம், பாபநாசம், திருவையாறு பக்கத்துக் கொடிக்காலில் அகத்தியை வைத்து, அதன் நிழலில் வெற்றிலையைப் படரவிட்டார்கள். அகத்தி நிழலும் தரும், தழைச்சத்தும் தரும், கீரையும் தரும். அந்த வெற்றிலைக்குத்தான் 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்றைக்கு நாற்றங்காலுக்கு 50 சதவீத நிழல்வலை கட்டுவதும் அதே அறிவுதான்.

அறைக்குள்தான் தொழில் செய்ய வேண்டும் என்கிற பிள்ளைகளுக்கு என் பதில் காளான். அது செடி இல்லை, வெளிச்சத்தைத் தின்பதில்லை. அறுவடை முடிந்து கட்டுக் கட்டாகப் போகிற நம் வைக்கோலைத் தின்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-ல் வெளியிட்ட ஏ.பி.கே.2 பால் காளான் 25 முதல் 35 டிகிரி சூட்டில் வரும். நம் ஊர்க் கீற்றுக் கொட்டகை போதும். காளான் வரும் கட்டத்தில் மட்டும் பரவலான நல்ல வெளிச்சம் வேண்டும், கதவிடுக்கு வெளிச்சம் போதாது. காளான் எடுத்த பிறகு மிஞ்சும் வைக்கோல் நேரே மண்புழுத் தொட்டிக்குப் போகும். சுத்தம் தவறினால் முழுக் கொட்டகையும் கெட்டுவிடும், தினசரி விற்பனை வேண்டும் என்பதும் உண்டு. பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி கேட்டுவிட்டு இறங்குங்கள்.

கையெழுத்துப் போடும் முன் ஐந்து கேள்வி

1. இந்தப் பயிருக்கு விளக்கு சோறா, சைகையா? சோறு என்றால் கிலோவுக்கு எத்தனை மோல்?

2. விளக்கு யூனிட்டுக்கு எத்தனை மோல் தரும்? எழுத்தில் கொடுப்பார்களா?

3. மின்சார வரியில் ஏசி, மாத நிலைக்கட்டணம், ஜெனரேட்டர் டீசல் சேர்ந்திருக்கிறதா? எந்த வகை இணைப்பின் விலை போட்டிருக்கிறார்கள்?

4. மகசூலில் பாதிதான் விற்றது என்றால் தவணை கட்ட முடியுமா?

5. அடமானம் எது? இயந்திரமா, அப்பன் பாட்டன் நிலமா?

இன்னொன்றும் நம் தோழர்கள் நினைவில் வைக்க வேண்டும். தண்ணீரில் உப்புச் சத்துகளைக் கரைத்து விளக்கில் வளர்த்ததைப் 'பூச்சிமருந்து அடிக்காதது' என்று சொல்லலாம். மண்ணும் மண்புழுவும் ஜீவாமிர்தமும் சேர்ந்து கொடுத்ததற்கு இணையாக அதே பெயரில் விற்கக்கூடாது.

வீட்டில் கரண்ட் பில் இருந்தால் எடுத்து யூனிட் விலையைப் பாருங்கள். 8 ரூபாய்க்குப் பதிலாக அதைப் போட்டு, நீங்கள் யோசிக்கிற பயிருக்கு இந்தக் கணக்கைச் செய்து பாருங்கள். சாமந்தியிலோ டிராகன் பழத்திலோ ஏற்கெனவே விளக்குப் போட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பல்பு, எத்தனை யூனிட், என்ன விலை கிடைத்தது என்று இதழுக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்தவர் நிலத்தை அடமானம் வைக்கும் முன் அந்தக் கணக்கு அவர் கைக்குப் போய்ச் சேரட்டும்.